மைக்கில் வைத்த பெயர்

செஞ்சியில் கல்லுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் அவரைப் பைத்தியம் என்பார்கள். வாசலில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்தான். மலை மலையாகக் கல்லைக் குவித்துவிட்டு, மிச்சம் இருந்த இடத்தில்தான் எங்களைக் குடிவைத்திருக்கிறார்கள். அந்த ஊருக்கு அறுபதுகளின் நடுவில் ஒரு நாள், வைக்கோல் சுற்றி லாரியில் வைத்து ஒரு கல்லைக் கொண்டுவந்து இறக்கினார்கள். முகம் பார்க்கலாம் போல இழைத்த கல். அதில் ஒரு மந்திரியின் பெயர் பெரிதாகவும், பிரசவ ஆஸ்பத்திரி என்ற சொல் சிறிதாகவும் வெட்டியிருந்தது. அதுதான் அடிக்கல்.

அந்தக் கல்லைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. இந்த வயதில் கோபப்படக் கூடாது, பிரஷர் ஏறும் என்கிறார் டாக்டர். அவருக்கென்ன, அவர் அந்த இடைத்தேர்தலைப் பார்க்கவில்லை.

எங்கள் வீடு கடைத்தெருவுக்குப் பின்னால். நைனாவுக்கு, அதுதான் எங்கள் அப்பாவுக்கு, ஊருக்கு வெளியே வேர்க்கடலை விளையும் கொஞ்சம் மல்லாட்டைக் கொல்லையும் தெருமுனையில் ஒரு மளிகைக் கடையும் இருந்தன. நைனார் வீடு என்றால் எல்லாருக்கும் தெரியும். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்து அடுப்பை அணைத்துவிடும் சமண வீடு. அந்த விஷயத்தில் நைனாவைவிட அம்மா கறார். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டால் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். நாங்கள் இரண்டு பெண்கள். அக்கா அந்த வருஷம் தை மாதம்தான் கல்யாணமாகி வல்லத்துக்குப் போயிருந்தாள். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து எப்போதோ நிறுத்தி வீட்டில் வைத்திருந்தார்கள். அந்தக் கோபம் தனி, அதை இன்னொரு சமயம் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் தொகுதியின் சட்டசபை உறுப்பினர் பதவியில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்துபோனார். நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். ஆனால் உயிரோடு இருந்த நாளெல்லாம் அவரால் கொண்டுவர முடியாததை எல்லாம் அவருடைய சாவு கொண்டுவந்தது. பொதுத் தேர்தல் என்றால் ஊருக்கு ஊர் கல்யாணம் மாதிரி. எல்லாத் தொகுதிக்கும் பந்தியில் ஏதோ கொஞ்சம் விழும். இடைத்தேர்தல் அப்படி இல்லை. நம் ஒரு வீட்டில் மட்டும் கல்யாணம். மெட்ராஸிலிருக்கிற சமையல்காரர்கள் மொத்தப் பேரும் இங்கேதான். பஸ் கவிழ்ந்துவிடும் அளவுக்குப் பள்ளம் இருந்த ரோட்டில் ஜல்லி கொட்டினார்கள். எங்கள் தெருவுக்குக் கரண்ட் கம்பம் வந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. மந்திரிகள் மாறி மாறி வந்து இறங்கினார்கள். கடைத்தெரு மல்லாட்டை மண்டியில் கட்சி ஜீப்புகள் வரிசையாக நின்றன. பொழுது விடிந்தால் அவை எங்கள் சந்துக்குள் மைக் செட்டோடு நுழைந்து, கொடியில் காய்கிற துணியை எல்லாம் புழுதியாக்கிவிட்டுப் போகும். அம்மா ஒரே நாளில் இரண்டு தடவை துணி அலசியிருக்கிறாள்.

அந்தக் கலாட்டாவில்தான் திண்டிவனம் போகும் ரோட்டோரம் செங்கல் மேடை கட்டி அடிக்கல்லை நட்டார்கள். மாலை, பந்தல், நாதசுரம் எல்லாம் உண்டு. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். வழக்கமாகக் கூட்டம் என்றால் ஒதுங்கிப்போகிறவள், அன்றைக்கு முன்வரிசைவரை போய்க் கல்லைப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஓட்டுக்கு முன்னால் ஒரு சாயங்காலம், ஆளுங்கட்சி வேட்பாளரே எங்கள் தெருவுக்கு வந்தார். நாங்கள் சாப்பிட்டு முடித்து அம்மா அடுப்பை மெழுகிக்கொண்டிருந்த நேரம். நல்ல உயரம், மடிப்புக் கலையாத சட்டை, எந்நேரமும் தயாராக ஒரு சிரிப்பு. கூட நாலைந்து பெண்கள், ஆளுக்கொரு தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமச் சிமிழ். தெருப் பெண்கள் எல்லாரும் எங்கள் வாசலில் கூடினார்கள். ஒவ்வொருத்தியும் தட்டு வாங்கினாள். அம்மா மட்டும் கையை நீட்டாமல் நின்றாள்.

"எம் பொண்ணு வல்லத்துல வாழுறா. தலப்பிரசவத்துக்கு இங்கதான் வருவா. இந்த ஊர்ல ஒரு லேடி டாக்டர் கெடையாது, புள்ள பெத்துக்க ஒரு கட்டில் கெடையாது. கல்லு நட்டுட்டீங்க, சரி. கட்டடம் எப்ப வரும்?" என்று கேட்டாள்.

ஆம்பிளைகள் இருக்கும் இடத்தில் அம்மா அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. நைனா வாசற்படியில் நின்று வாயைப் பிளந்துவிட்டார்.

வேட்பாளர் ஒரு தட்டைத் தானே வாங்கி அம்மா பக்கம் நீட்டினார். "இன்னாக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? உங்க பொண்ணு எனக்குப் பொண்ணு இல்லியா? வர்ற பொங்கலுக்கு அந்த ஆஸ்பத்திரி வாசல்லதான் நாம எல்லாரும் பால் பொங்க வெக்கறோம். ஆனா ஒண்ணுக்கா. இது நடுவுல வந்த எலக்சன். செத்தவரோட மிச்ச காலத்துக்குத்தான் என்னை அனுப்பறீங்க. அது முடிஞ்சதும் பொது எலக்சன் வரும். அப்பவும் இந்தத் தம்பியைக் கை விட்டுடக் கூடாது. ரெண்டுக்கும் சேத்துத்தான் இந்தத் தாம்பூலம்."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கைகளாலும் தட்டை வாங்கினாள். "ரெண்டுக்கும் போடறேன்" என்றாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது விளங்காது. எங்களில் ஒரு பெண்ணை இன்னாருக்குக் கொடுப்பது என்று முடிவானால் தாம்பூலம் மாற்றிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு மாப்பிள்ளைக்கு வேலை போனாலும் சரி, அதைவிட நல்ல வரன் வந்தாலும் சரி, பேச்சு மாறக் கூடாது. மாறினால் அந்த வீட்டில் அப்புறம் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். அந்தச் சத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள், பாவிகள். எங்களுக்கு எது பெரியது என்று தெரிந்துதான் வந்தார்கள்.

அவர் ஜெயித்தார். எனக்கு அப்போது ஓட்டு வயது ஆகவில்லை. அம்மா போய்ப் போட்டுவிட்டு வந்து, விரல் மையைக் காட்டி, "எம் பொண்ணுக்கு ஆஸ்பத்திரி" என்றாள். அவள் சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஜீப்புகள் போயின. மந்திரிகள் போனார்கள். குழாயில் தண்ணீர் முதலில் ஒருவேளை ஆனது, அப்புறம் காற்று மட்டும் வந்தது. கல் இருந்தது. அதன் தலையில் காக்கை உட்கார்ந்தது, அடியில் ஆடு படுத்தது, செங்கல் மேடையில் யாரோ வரட்டி தட்டிக் காயவைத்தார்கள். பொங்கல் வந்தது, அவரவர் வீட்டில் அவரவர் பால் பொங்கியது. நைனாவும் தெருக்காரர்களும் ஜெயித்தவர் வீடு தேடிப் போனார்கள். "நடுவுல ஜெயிச்சு வந்தவனுக்கு டைம் ஏதுப்பா? பட்ஜெட்டு எல்லாம் முன்னாடியே போட்டு வெச்சுட்டாங்க. அடுத்த எலக்சன்ல முழுசா அஞ்சு வருசம் குடுங்க, அப்புறம் பாருங்க" என்று சொல்லி அனுப்பினாராம். பொங்கலுக்குள் என்று சொன்ன அந்தச் சாயங்காலம் அவருக்கு பட்ஜெட் தெரியாமலா இருந்தது?

அந்த வருஷம் ஆவணியில் அக்கா பிரசவத்துக்கு வந்தாள்.

விடியற்காலையில் வலி எடுத்தது. மருத்துவச்சி வந்து பார்த்தாள். அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டே இருந்தது, அக்கா கத்திக்கொண்டே இருந்தாள். வெயில் ஏறியபோது மருத்துவச்சி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "புள்ள குறுக்க கெடக்குது. என்னால ஆவாது. திண்டிவனம் கொண்டு போங்க. இப்பவே போங்க" என்றாள்.

நைனா ஓடினார். பஸ் அப்போதுதான் போயிருந்தது. ஊரில் இருந்த ஒரே வாடகைக் கார் திருவண்ணாமலைக்குச் சவாரி போயிருந்தது. மண்டிக்கு ஓடினார். அங்கே கட்சி ஜீப்புகள் தார்ப்பாய் போர்த்தி நின்றன. இடைத்தேர்தலில் எங்கள் தெருவைப் புழுதிக்காடாக்கிய அதே ஜீப்புகள். மண்டிக்காரர் ஊரில் இல்லை. கணக்குப்பிள்ளை சொன்னானாம்: "அது கட்சி வண்டிங்க நைனாரே. எலக்சனுக்குத்தான் எடுப்போம். மொதலாளி சொல்லாம நான் எப்படிங்க சாவி தர்றது?"

எங்கள் நைனா யார் காலிலும் விழுந்தவர் இல்லை. சாமி முன்னால் நிற்கும்போதுகூட நிமிர்ந்து நிற்பார். அந்தக் கணக்குப்பிள்ளையின் காலில் விழுந்தார். அப்போதும் சாவி வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவர்தான், "எழுந்திருங்க பெரியவரே, இன்னா இது, நான் வர்றேன்" என்று மல்லாட்டை ஏற்றிய லாரியைத் திருப்பிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். மூட்டைகளின் மேல் பாயை விரித்து அக்காவைப் படுக்கவைத்தோம். தலை என் மடியில். கை அம்மாவின் கையில்.

ஊரைத் தாண்டும்போது லாரி அந்தக் கல்லைக் கடந்து போனது. அக்கா கண்ணை மூடியிருந்தாள். அம்மா பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். வல்லத்தில் லாரியை நிறுத்தி மாமாவை, அக்காவின் வீட்டுக்காரரை, ஏற்றிக்கொண்டோம். அதற்குப் பிறகு அந்த ரோட்டில் யார் என்ன பேசினோம் என்று எனக்கு நினைவில்லை. அக்காவின் தலை கனத்துக்கொண்டே போனது மட்டும் நினைவிருக்கிறது.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை உயிரோடு எடுத்தார்கள். பெண் குழந்தை. அக்கா பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். டாக்டரம்மா எங்களைத்தான் திட்டினார். "இவ்ளோ நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க? உங்க ஊர்ல ஒரு நர்ஸ்கூடவா இல்ல?" அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். இல்லை என்று சொல்லவும் அவளுக்கு வெட்கமாக இருந்திருக்கும். வெட்கப்பட வேண்டியவர் அந்த நேரத்தில் எங்கே, எந்த மேடையில் மாலை வாங்கிக்கொண்டிருந்தாரோ, தெரியாது.

குழந்தைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. அக்கா இல்லாத வீட்டில் அந்தச் சடங்கைச் செய்ய ஒருவருக்கும் மனம் வரவில்லை. பாப்பா என்று கூப்பிட்டோம். புட்டிப்பால் கொடுத்து அம்மாதான் வளர்த்தாள்.

தை பிறந்தது. பொதுத் தேர்தல் வந்தது. மண்டியில் தார்ப்பாயை உருவினார்கள். ஜீப்புகளுக்கு உயிர் வந்துவிட்டது. அதே வேட்பாளர், அதே கட்சி, புதுச் சட்டை. நான் ஒரு முடிவோடு இருந்தேன். எனக்கு இப்போது ஓட்டு இருக்கிறது. ஆனால் என் ஒரு ஓட்டு போதாது. அம்மாவும் தெருப் பெண்களும் வாங்கிய தாம்பூலத்தை அவர் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுக்க வேண்டும். கல்யாணப் பேச்சு முறிந்தால் தாம்பூலத்தைத் திருப்புவது உண்டு. திருப்பிவிட்டால் இரண்டு பக்கமும் விடுதலை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"திருப்பிக் குடுக்கறவதான் முறிச்சவ. முறிச்சது அவுரு. நான் எதுக்குடி திருப்பணும்?" என்றாள்.

"அப்போ அந்தாளுக்கே ஓட்டுப் போடப் போறியா? அக்காவைக் கொன்னவனுக்கு?"

"கத்தாதே. கொழந்த பயப்படுது."

நான் கத்தினேன். தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அம்மா எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

சரி, நீ வராவிட்டால் நான் போகிறேன் என்று இருந்தேன். அவர் எங்கள் தெருவுக்கு வந்த அன்று, நல்ல வெயிலில், தட்டில் வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமம் எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு, ஜீப்புக்குக் குறுக்கே போய் நின்றேன். அம்மா, "வேணாம்டி, வீட்டுக்கு வாடி" என்று குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே பின்னால் ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள். ஜீப் நின்றது. கூட்டம் கூடியது. மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "இந்தாங்க" என்று மட்டும் சொல்லித் தட்டை நீட்டினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் தலைவர்கள் ஊருக்கு வந்தால் கைக்குழந்தையைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பெயர் வைக்கச் சொல்வார்கள். தாம்பூலத் தட்டோடு ஒருத்தி முன்னால் நிற்பாள், குழந்தையோடு ஒருத்தி பின்னால் நிற்பாள். அன்று காலையிலிருந்து அவர் போன ஊரெல்லாம் அதைத்தான் செய்துகொண்டு வந்திருக்கிறார். எங்களைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். அம்மா இடுப்பில் குழந்தையைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு வந்துவிட்டது.

"குடும்மா, குடும்மா" என்று என் கையிலிருந்த தட்டை வாங்கிப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்தார். அம்மா என்ன ஏது என்று சுதாரிப்பதற்குள் குழந்தை ஜீப்புக்குள் போய்விட்டது. உயரத் தூக்கிக் காட்டினார். மைக்கை வாங்கினார். "இந்தத் தெருவுத் தாய்மாருங்க தாம்பூலம் குடுத்து என்னை வரவேற்கறாங்க! நம்ம வீட்டுச் செல்லத்துக்கு நான் வெக்கிற பேரு" என்று ஒரு பெயரைச் சொன்னார். அவருடைய தலைவரைப் பெற்ற தாயின் பெயர். மூன்று தடவை சொன்னார். கூட்டம் கை தட்டியது. எங்கள் தெருவே கை தட்டியது. அந்தப் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன்.

நான் அவமானப்படுத்தப் போனேன். அவர் அதையே மாலையாக்கிப் போட்டுக்கொண்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

"கொழந்தையோட அம்மா எங்க? அவங்க கையிலதான் குடுப்பேன்" என்றார் மைக்கிலேயே.

அம்மா ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "அவ இல்லீங்க. பிரசவத்துல போயிட்டா. நீங்க நட்ட கல்லு மட்டுந்தான் இருக்குது" என்றாள்.

அவருக்குக் கேட்டது. ஒரு நொடி அந்தச் சிரிப்பு எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் முகத்திலேயே நின்றது. "அடப்பாவமே. நீங்க யாரும்மா?" என்றார்.

அக்கா என்று கூப்பிட்டவர். உங்கள் பெண் எனக்குப் பெண் என்று சொன்னவர். அம்மா பதில் சொல்வதற்குள் குழந்தையை அவள் கையில் திணித்துவிட்டு, அடுத்த ஊரில் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். ஜீப் கிளம்பியது. எங்கள் தட்டும் அதோடு போய்விட்டது.

அதற்குப் பிறகு வீதியில் இறங்கினால் எல்லாரும் குழந்தையை அந்தப் பெயரால் கூப்பிட்டார்கள். பால்காரி கூப்பிட்டாள். கடைக்கு வருகிறவர்கள் கூப்பிட்டார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பெரிய மனுஷன் வைத்த பெயர் என்று ஆசையாகத்தான் கூப்பிட்டார்கள். குழந்தையும் அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவின் முகம் சுண்டிப்போகும்.

ஓட்டுப் போடும் நாள் வந்தது. பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குத் தனி வரிசை. என் முதல் ஓட்டு. முத்திரையை எடுத்து அவருக்கு எதிராகக் குத்தினேன் பாருங்கள், மேஜை அதிர்ந்திருக்கும். வெளியே வந்து குழந்தையை வாங்கிக்கொண்டேன். அம்மா உள்ளே போனாள், வந்தாள்.

"எதுலம்மா குத்தினே?"

"அவுருக்குத்தான்."

எனக்குக் கண் இருட்டிவிட்டது. வேப்பமரத்தடியில் இருந்த போலீஸ்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சண்டை போட்டேன். உனக்கு மானம் இல்லையா என்று கேட்டேன். அக்கா உன் வயிற்றில்தானே பிறந்தாள் என்று கேட்டேன். பெற்றவளிடம் கேட்கக் கூடாத எல்லாம் கேட்டேன். அம்மா நிழல் பார்த்து நடந்துகொண்டே சொன்னாள்:

"ரெண்டு தபாவும் போடறேன்னு சொல்லித் தட்டை வாங்குனேன். போட்டுட்டேன். அவுரு சொன்னது பொய்யாப் போச்சு. அதுக்காவ நானும் அவுரு மாதிரி ஆவணுமா? போடாம போயிக் கேட்டன்னு வெச்சுக்க, நீ மொதல்ல எனக்குப் போட்டியான்னு கேப்பாரு. இப்ப கேக்க முடியாது."

"தோத்துட்டா?"

"தோத்தாலும் கேப்பேன்" என்றாள்.

தோற்றார். அந்தத் தேர்தலில் எத்தனையோ பெரிய ஆட்கள் விழுந்தார்கள். ராஜ்ஜியமே மாறிவிட்டது என்று இன்றைக்கும் பெரிது பெரிதாக எழுதுகிறார்கள். மாறியிருக்கலாம். எங்கள் கல் மாறவில்லை. புதிதாக ஜெயித்தவர் நன்றி சொல்லத் திறந்த காரில் வந்தார். தெருப் பெண்கள் ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்டார்கள். "அது அவங்க நட்ட கல்லும்மா. அதுல அவங்க பேருதான் இருக்குது. நாங்க வேற கல்லு நடுவோம்" என்றார். நான் காறித் துப்பினேன். அவர் மேல் படவில்லை, அவ்வளவுதான்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் அம்மா சீக்கிரம் சமைத்து எல்லாருக்கும் போட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு, நல்ல சேலை கட்டி, குழந்தையை எடுத்துக்கொண்டு, "வா" என்றாள். நானும் பின்னால் கிளம்பினேன்.

தோற்றவருடைய வீடு வெறிச்சென்று இருந்தது. தேர்தலில் நுழைய இடம் இல்லாத வாசலில் வாடகை நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு டிரைவர், ஒரு காவல்காரர், தோட்டத்தில் நீர் இறைக்கும் ஓர் ஆள். அவர் ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். "நீங்க நைனார் வீட்டம்மா இல்ல? வாங்கக்கா" என்றார். தோற்றதும் மனுஷனுக்கு ஞாபகசக்தி வந்துவிட்டது.

காபி கொண்டுவரச் சொன்னார். "பொழுது சாஞ்சிடுச்சுங்க. நாங்க ஒண்ணும் தொட மாட்டோம்" என்றாள் அம்மா. உட்காரவும் இல்லை.

"உங்க கையால தாம்பூலம் வாங்குனேன். நடுவுல வந்த எலக்சன்ல போட்டேன். இப்பவும் உங்களுக்குத்தான் போட்டேன். எம் பொண்ணு செத்த பொறவும் போட்டேன்."

அவர் அம்மாவைப் பார்த்தார். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். நம்பியதால்தான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "தோத்துட்டேனேக்கா. இனிமே என் கையில இன்னா இருக்குது? ஆஸ்பத்திரியைப் புதுசா வந்தவங்களைத்தான் கேக்கணும்."

"ஆஸ்பத்திரி கேக்க வரல. அது உங்களால ஆவாதுன்னு எனக்குத் தெரியும். இந்தக் கொழந்தைக்கு ஒரு பேரு வெச்சீங்க. அதை எடுத்துக்கங்க."

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் அதுவரை புரியவில்லை.

"ஊரே அந்தப் பேரைச் சொல்லிக் கூப்புடுது. பெத்தவளைச் சாவ விட்டவரு வெச்ச பேரோட எம் பேத்தி வளர வேணாம். வெச்ச நீங்களே எடுத்துக்கிட்டேன்னு சொல்லிடுங்க. நாங்க போயிடறோம்."

"அக்கா, அது சும்மா ஒரு ஆசீர்வாதம்..."

"சொல்லிடுங்க."

வாசலில் காவல்காரர் பீடியைக் கீழே போட்டுவிட்டு நின்றார். தோற்றவர் டிரைவரைப் பார்த்தார், தோட்டத்து ஆளைப் பார்த்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாய்க்குள்ளேயே, "எடுத்துக்கிட்டேன்" என்றார்.

"சத்தமா சொல்லுங்க" என்றாள் அம்மா. "மைக்குலதான வெச்சீங்க?"

சொன்னார். அந்தப் பெயரைச் சொல்லி, அதை எடுத்துக்கொண்டேன் என்று வாசல்வரை கேட்கும்படி சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது. எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை. இன்றைக்கும் இல்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் அந்தக் கல் இருக்கும் ரோட்டு வழியாகத்தான் வீடு திரும்ப வேண்டும். குழந்தை என் தோளில் இருந்தது. கல்லைத் தாண்டியதும், பக்கத்தில் நடந்துவந்த அம்மா அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் திடுக்கிட்டு நின்றுவிட்டேன். அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குழந்தை திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெயர் அதற்கு இன்னும் பழகவில்லை.